ஃபிக்ஸ் வரவில்லை, வந்தாலும் தப்பு: ஆர்டிகே ரோவர் மக்கர் பண்ணும்போது

தென்னாப்பிரிக்காவில் டர்பனிலும் வடக்குக் கரையோரக் கரும்புத் தோட்டங்களிலும் சர்வே ரிசீவர் வைத்து வேலை பார்க்கும் நம்ம ஆட்கள் கூப்பிட்டாலே முதல் வரி ஒன்றுதான்: "அண்ணே, ரிசீவர் போயிருச்சு." ரிசீவர் போவது அபூர்வம். சிம், கம்பு, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில் போன வாரம் யாரோ மாற்றி வைத்த ஒரு அமைப்பு, தலைக்கு மேலே இருக்கும் மரம், இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதனால் கீழே எல்லாமே காசு செலவாகாத சோதனையில் தொடங்கி, காசு செலவாகும் சோதனையில் முடிகிறது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள்.

இங்கே பேசுவது ஆர்டிகே வேலையைப் பற்றி: இடம் துல்லியமாகத் தெரிந்த பேஸ் நிலையம் செயற்கைக்கோள் சிக்னலில் உள்ள பிழைக்குத் திருத்தம் அனுப்பும், கம்பின் மேல் இருக்கும் ரோவர் என்ற ரிசீவர் அதை அப்போதே வாங்கிச் சென்டிமீட்டர் துல்லியத்தில் இடம் சொல்லும். அந்தத் திருத்தத்தை நிலைய வலையமைப்பிலிருந்து இணையம் வழியே வாங்குவதுதான் இங்கே. நம் நாட்டில் என்ஜிஐ என்ற அரசு அலுவலகம் நடத்தும் ட்ரிக்நெட்டைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், அது இலவசம். தனியார் சேவைகளிலும் கோளாறுகள் இதே மாதிரிதான் வரும்.

எதையும் தொடும் முன் திரையில் நான்கு விஷயத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: நிலை என்ன (திருத்தம் சேராத சிங்கிள், திருத்தம் சேர்ந்தும் கணக்கு முடியாத ஃப்ளோட், சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்த ஃபிக்ஸ்), திருத்தத்தின் வயது எத்தனை விநாடி, கணக்கில் எத்தனை செயற்கைக்கோள், எந்த மவுண்ட்பாயின்ட் (சர்வரில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் திருத்த ஓடையின் பெயர்). இந்த நான்கும் இல்லாமல் யாரிடம் கேட்டாலும் அவர் குருட்டாம்போக்கில்தான் பதில் சொல்ல முடியும்.

அறிகுறி 1: என்டிரிப்பில் இணையவே இல்லை

என்டிரிப் என்பது இணையம் வழியே திருத்தம் அனுப்பும் முறை. சிவப்பு எழுத்து வந்ததும் படிக்காமல் மூடிவிடாதீர்கள், அதிலேயே பாதி பதில் இருக்கும்.

*401 என்று வந்தால்:* பயனர் பெயர் அல்லது கடவுச்சொல் தப்பு. கைபேசி விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடும், கடைசியில் ஓர் இடைவெளியையும் சேர்த்துவிடும், முதலில் அதைப் பாருங்கள். ஒரே கணக்கை இரண்டு ரோவரில் போட்டிருந்தால் பல சேவைகள் ஒன்றை வெளியே தள்ளிவிடும். அண்ணன் ஒரு தோட்டத்திலும் தம்பி இன்னொரு தோட்டத்திலும் ஒரே கணக்கில் ஏறிக்கொண்டு, ஆளுக்கு மாற்றி ஆள் அறுந்துபோய், இருவருமே ரிசீவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

*404 என்று வந்தால், அல்லது திருத்தத்துக்குப் பதிலாக நிலையப் பட்டியல் திரும்பி வந்தால்:* மவுண்ட்பாயின்ட் பெயர் தப்பு. கையால் அடிக்காமல் பட்டியலை இறக்கி அதிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.

*ஒன்றும் வராமல் சுற்றிக்கொண்டே இருந்தால்:* இணையம்தான். டேட்டா பண்டல் காலாவதியாகிவிட்டதா, ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய அமைப்பு) சரியா, போர்ட் 2101 என்று இருக்கிறதா பாருங்கள். அலுவலக வைஃபையில் 2101 அடைக்கப்பட்டிருக்கலாம், அங்கே வைத்துச் சோதித்துவிட்டு ரிசீவர் சரியில்லை என்று முடிவு கட்ட வேண்டாம்.

பிறகு இந்த ஒரு சோதனை. கைபேசியில் ஹாட்ஸ்பாட் போட்டு ரோவரை அதில் இணையுங்கள். இணைந்துவிட்டால் ரிசீவருக்குள் இருக்கும் சிம்மில்தான் கோளாறு. இணையாவிட்டால் கைபேசியிலேயே ஏதாவது என்டிரிப் செயலியில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், அதிலும் வராவிட்டால் சேவை நின்றிருக்கிறது, ரிசீவரில் செய்ய ஒன்றுமில்லை. லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) கடுமையாக இருந்த காலத்தில் இதுதான் தினசரிக் கதை. டவரின் பேட்டரி தீர்ந்துபோகும், சில நேரம் பேஸ் நிலையமே படுத்துவிடும். இப்போதும் கேபிள் திருட்டு, மின்தடை என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. அடுத்த நிலையத்துக்கு மாறிப் பாருங்கள், தொலைவு கூடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள், அது கீழே ஃப்ளோட் பகுதியில் வருகிறது.

அறிகுறி 2: இணைந்துவிட்டது, ஆனால் சிங்கிளிலேயே நிற்கிறது

திரையில் பைட் எண்ணிக்கை ஏறுகிறதா?

*ஏறவில்லை என்றால்:* விஆர்எஸ் வகை (உங்கள் பக்கத்தில் ஒரு கற்பனை நிலையத்தைக் கணக்கிட்டுத் தரும்) மவுண்ட்பாயின்ட் உங்கள் இடம் தெரியாமல் எதையும் அனுப்பாது. ரோவரின் இடத்தைச் சர்வருக்குச் சொல்லும் ஜிஜிஏ செய்தியை அனுப்பும் அமைப்பை இயக்குங்கள், ஐந்து பத்து விநாடிக்கு ஒருமுறை போதும். இயக்கியும் வரவில்லை என்றால், ரோவருக்கே இன்னும் சொந்த இடம் கிடைத்திருக்காது, வெளியே திறந்த வெளிக்கு வாருங்கள். வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு இணைக்கப் பார்ப்பவர்கள் நிறைய.

*ஏறுகிறது, ஆனால் திருத்தத்தின் வயது காலியாக இருக்கிறது என்றால்:* வருவது ரிசீவருக்குப் புரியவில்லை. திருத்தம் எண்ணிட்ட செய்திகளாக வரும். பழைய ரிசீவர்கள் 1004, 1012 வகைச் செய்திகளை மட்டும் படிக்கும், புதிய எம்எஸ்எம் செய்திகளான 1074, 1084 போன்றவை வந்தால் விழிக்கும். பட்டியலில் பழைய வகைச் செய்தி தரும் மவுண்ட்பாயின்ட் இருந்தால் அதற்கு மாறுங்கள். இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் (ரிசீவரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு.

இரண்டும் சரியாக இருந்தும் சிங்கிள் என்றால் ஆர்டிகே உரிமம் காலாவதியாகியிருக்கலாம். வாடகைக்குச் சுற்றிவரும் கருவிகளில் இது நடக்கும். கன்ட்ரோலரில் உரிமப் பக்கத்தைப் பாருங்கள், அங்கிருந்து விற்பனையாளர் வேலை.

அறிகுறி 3: ஃப்ளோட்டிலேயே கிடக்கிறது

*முதலில் வானம்.* ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் கரும்புக்குள் கம்பை நட்டுவிட்டு ஃபிக்ஸ் எதிர்பார்க்கக் கூடாது, அதுவும் மழை பெய்து இலை நனைந்திருந்தால் இன்னும் மோசம். தோட்டத்துக்குள் வண்டி போகும் பாதைக்கு வந்து பாருங்கள், கம்பை உயர்த்திப் பாருங்கள். தகரக் கூரை, துறைமுகப் பக்கம் அடுக்கிய கண்டெய்னர்கள், இவற்றின் பக்கத்தில் நின்றால் எதிரொலித்து வரும் சிக்னல் கணக்கைக் குழப்பும். ஐம்பது மீட்டர் தள்ளிப்போய்த் திறந்த வெளியில் ஒரு நிமிடத்துக்குள் ஃபிக்ஸ் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, இடம்தான் சரியில்லை.

*அடுத்து, பொதுவான செயற்கைக்கோள்.* ரோவர் முப்பது செயற்கைக்கோள் பார்க்கிறது என்று பெருமைப்பட்டுப் பயனில்லை. பேஸும் ரோவரும் சேர்ந்து பார்ப்பவை மட்டுமே ஆர்டிகே கணக்கில் சேரும். நிலையம் அமெரிக்க ஜிபிஎஸ்ஸும் ரஷ்ய குளோனாஸும் மட்டும் அனுப்பினால் உங்கள் ஐரோப்பிய கலிலியோவும் சீன பெய்டோவும் சும்மா அலங்காரம். இங்கே ஒரு சின்னச் சோதனை, பலருக்குத் தெரியாது: குளோனாஸை மட்டும் அணைத்துப் பாருங்கள். பேஸும் ரோவரும் வேறு வேறு நிறுவனத் தயாரிப்பாக இருந்து, அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் 1230 என்ற செய்தி வராமல் இருந்தால் குளோனாஸ் உதவுவதற்குப் பதில் காலை வாரிவிடும். அணைத்ததும் ஃபிக்ஸ் வந்தால் காரணம் அதுதான். அடிவான வரம்பு (இதற்குக் கீழே நிற்கும் செயற்கைக்கோளை ஒதுக்கும் கோணம்) 10 முதல் 15 டிகிரிக்குள் இருக்கட்டும், செயற்கைக்கோள் கூட வேண்டும் என்று 0 வைப்பவர்கள் குப்பையையும் சேர்த்து அள்ளுகிறார்கள்.

*அப்புறம் தொலைவு.* ஒற்றை நிலையத்திலிருந்து திருத்தம் வாங்கினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பிழை கூடும் என்பது கருவி விவரத்தாளிலேயே இருக்கும். அது ஃபிக்ஸ் கிடைத்த பிறகு வரும் பிழை. இருபது முப்பது கிலோமீட்டர் தாண்டினால் ஃபிக்ஸ் கிடைப்பதே பாடு. நாட்டின் பெரும்பகுதியில் ட்ரிக்நெட் நிலையங்களுக்கு இடையே நூறு கிலோமீட்டருக்கு மேலேயே வரும், அதனால் நகரத்தை விட்டு உள்ளே போகப் போக இது முதல் சந்தேகமாக இருக்கட்டும். ஒரு பொறி: விஆர்எஸ் பயன்படுத்தும்போது கன்ட்ரோலர் பேஸ் தூரம் சில மீட்டர் என்று காட்டும். அது உங்கள் பக்கத்தில் கற்பனையாகப் போட்ட நிலையம். உண்மையான நிலையங்கள் எங்கே என்பதை நிலைய வரைபடத்தில்தான் பார்க்க வேண்டும்.

*நேரம்.* காலையில் வேலை செய்தது, மதியம் பதினொன்றுக்கு மேல் ஃப்ளோட், மாலை நான்குக்கு மேல் மறுபடி ஃபிக்ஸ். இப்படி இருந்தால் காரணம் அயனி மண்டலம் (சிக்னலைக் குழப்பும் மேல் வளிமண்டல அடுக்கு), கருவியைத் தொடவே வேண்டாம். மார்ச் ஏப்ரலிலும் செப்டம்பர் அக்டோபரிலும் கூடுதலாக இருக்கும். சூரியனின் இப்போதைய சுழற்சி 2024 வாக்கில் உச்சத்தைத் தொட்டதால் பல வருடமாக ஒழுங்காக வேலை செய்த இடங்களில்கூட மதியம் தடுமாறியது. 2024 மே 10ஆம் தேதி வந்த பெரிய புவிகாந்தப் புயலில் உலகம் முழுக்க ஆர்டிகே தள்ளாடியது, அமெரிக்காவில் விதைப்பு டிராக்டர்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. ஹெர்மானஸில் இருக்கும் சான்சா என்ற தென்னாப்பிரிக்க விண்வெளி நிறுவனத்தின் விண்வெளி வானிலை மையம் எச்சரிக்கை வெளியிடுகிறது, கருவியைப் பிரிக்கும் முன் அதைப் பாருங்கள். தீர்வு: கிட்டத்து நிலையம், காலை ஆறு முதல் பத்துக்குள் வேலை, அல்லது ஒவ்வொரு புள்ளியிலும் அதிக நேரம் பதிவு செய்துகொண்டு ட்ரிக்நெட்டின் ரினெக்ஸ் கோப்பை (நிலையத்தின் மூல அளவுப் பதிவு) இறக்கி அலுவலகத்தில் கணக்கிடுவது. மூன்றாவது வழியை நான் அதிகம் பரிந்துரைப்பேன், அவசர வேலைக்காரர்கள் யாரும் கேட்பதில்லை.

*கடைசியாக ஆன்டெனா.* திறந்த வெளியில், உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களின் சிக்னல் வலு (டெசிபெல்-ஹெர்ட்ஸ் அலகில்) 45ஐ ஒட்டியோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். எல்லாமே 35க்குக் கீழே என்றால் கேபிள், இணைப்பான், ஆன்டெனா என்ற வரிசையில் பாருங்கள். கடற்கரை ஓரத்தில் உப்புக் காற்று இணைப்பானுக்குள் பச்சை பிடிக்க வைக்கும். கேபிளை மாற்றிப் பார்ப்பது மலிவு. கேபிள் மாற்றியும் 35 என்றால் ஆன்டெனாவுக்குள் இருக்கும் பெருக்கி போயிருக்கும், இதைத்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

அறிகுறி 4: ஃபிக்ஸ் வருகிறது, போகிறது

திருத்தத்தின் வயதைக் கவனியுங்கள். ஒன்று இரண்டு விநாடியில் இருந்தால் நல்லது. அது பத்து, இருபது, நாற்பது என்று ஏறி, பிறகு ஃபிக்ஸ் விழுகிறது என்றால் இணையம் அறுந்து அறுந்து வருகிறது. திருத்தத்துக்குத் தேவைப்படும் டேட்டா மணிக்குச் சில எம்பிதான், வேகம் வேண்டாம், அறுபடாமல் வந்தால் போதும். இனாண்டா பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் ஒரு நிறுவனத்தின் சிம் எடுக்கும் இடத்தில் இன்னொன்று எடுக்காது, இரண்டு நிறுவனத்தின் சிம் பக்கியில் (பிக்அப் வண்டியில்) இருக்கட்டும். கூட்டம் கூடும் நாளில் டவர் திணறும். ஈஸ்டர் சமயம், திருவிழா நடக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் பக்கம் வேலை வைத்தால் அம்மன்தான் ஃபிக்ஸ் தர வேண்டும்.

வயது ஒரு விநாடியிலேயே இருக்கிறது, ஆனாலும் ஃபிக்ஸ் விழுகிறது என்றால் செயற்கைக்கோள் பக்கம் பாருங்கள். ஒவ்வொன்றாக மறைந்தால் மரமோ கட்டடமோ மறைக்கிறது. எல்லாமே ஒரே நொடியில் வலு குறைந்து, சில நிமிடத்தில் ஒன்றாகத் திரும்பி வந்தால் யாரோ ஜாமர் (சிக்னலை மறிக்கும் கருவி) வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் வண்டி திருடுபவர்கள் டிராக்கரை ஏமாற்ற அதைப் பயன்படுத்துவது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, நெடுஞ்சாலை ஓரத்தில், லாரி நிற்கும் இடங்களில் மாட்டும். ஐந்நூறு மீட்டர் நகர்ந்து பாருங்கள். ஒரே இடத்தில் தினமும் நடந்தால் தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான இகாசாவுக்குப் புகார் கொடுக்கலாம், ஜாமர் சட்டவிரோதம். நீங்களாகத் தேடிக்கொண்டு போக வேண்டாம், அங்கே இருப்பவர்கள் யார் என்று தெரியாது.

அறிகுறி 5: ஃபிக்ஸ் கெட்டியாக இருக்கிறது, இடம்தான் தப்பு

இதுதான் ஆபத்தானது. மற்ற அறிகுறிகள் வேலையை நிறுத்தும், இது வேலையைத் தப்பாக முடித்துவைக்கும். கன்ட்ரோலர் 1 சென்டிமீட்டர் துல்லியம் என்று பச்சையில் காட்டிக்கொண்டே முக்கால் மீட்டர் தள்ளி நிற்கும்.

ஒவ்வொரு வேலைக்கும் முன்னும் பின்னும் தெரிந்த ஒரு குறியில் நின்று அளந்து பாருங்கள். குன்று மேலே ட்ரிக் பீக்கன் என்ற அளவைத் தூண்கள் இருக்கின்றன, நகரத்துக்குள் நகர அளவைக் குறிகள் இருக்கின்றன, இரண்டின் ஆயத்தொலைவும் என்ஜிஐயிடம் இலவசமாகக் கிடைக்கும். அங்கே வரும் வித்தியாசத்தின் அளவை வைத்தே காரணத்தைப் பெரும்பாலும் பிடித்துவிடலாம்.

*இரண்டு மூன்று சென்டிமீட்டர், ஒவ்வொரு முறையும் வேறு திசையில்:* கம்பின் ரசமட்டம். 2 மீட்டர் கம்பு ஒரு டிகிரி சாய்ந்தாலே நுனியில் 3.5 சென்டிமீட்டர் போய்விடும். கம்பை நட்டு, குமிழியை நடுவில் வைத்து, அப்படியே அரைச்சுற்றுத் திருப்புங்கள். குமிழி நடுவை விட்டுப் போனால் ரசமட்டத்தைச் சரிசெய்ய வேண்டும், வீட்டிலேயே செய்யலாம்.

*உயரத்தில் மட்டும் சில சென்டிமீட்டர் முதல் 20 சென்டிமீட்டர் வரை:* கம்பு உயரம். 1.8 என்று பதிந்திருக்கும், கம்பு 2.0இல் நிற்கும். நீட்டுக் கம்பின் பூட்டு தளர்ந்து வழுக்கியும் இருக்கலாம். ஆன்டெனா வகை தப்பாகத் தேர்ந்திருந்தாலும் இதே மாதிரி வரும்.

*உயரத்தில் இருபது முப்பது மீட்டர் வாக்கில்:* ஜியாய்டு மாதிரி (கடல் மட்ட உயரமாக மாற்றும் கோப்பு) ஏற்றப்படவில்லை, கன்ட்ரோலர் நீள்வட்டக உயரத்தை, அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளந்த உயரத்தைக் காட்டுகிறது. தென்னாப்பிரிக்க ஜியாய்டு கோப்பை ஏற்றுங்கள். ஜியாய்டு இருந்தும் பக்கத்து மட்டக் குறியோடு சில சென்டிமீட்டர் ஒத்துவராவிட்டால், வடிகால் போன்ற சாய்வு வேலைக்கு ஜிபிஎஸ் உயரத்தை நம்பாமல் லெவல் கருவி எடுங்கள்.

*அரை மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர், சில புள்ளிகளில் மட்டும்:* பொய் ஃபிக்ஸ். மரத்தடியில் அளந்த புள்ளிகளாக இருக்கும். கம்பைக் கவிழ்த்து ஃபிக்ஸைக் கலைத்துவிட்டு, மறுபடி பிடித்து அளங்கள். இன்னும் அரை மணி கழித்து மூன்றாவது முறை. மூன்றும் ஒத்துவராத புள்ளியைத் தூக்கிப் போடுங்கள்.

*ஏறத்தாழ முக்கால் மீட்டர், எல்லாப் புள்ளியிலும், ஒரே திசையில், வடகிழக்காக:* கருவியில் ஒரு குறையும் இல்லை, கண்டம் நகர்ந்திருக்கிறது. ட்ரிக்நெட் தருவது ஹார்டபீஸ்ட்ஹுக்94 (சுருக்கமாக ஹார்ட்94) என்ற நம் நாட்டு டேட்டத்தில் ஆயத்தொலைவு, அது 1994 தொடக்கத்தில் உறைந்து நிற்பது. ஆப்பிரிக்கத் தட்டோ வருடத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர் வடகிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. செயற்கைக்கோள் வழியே வரும் சந்தாத் திருத்தமோ பிபிபி கணக்கீடோ (பக்கத்து பேஸ் இல்லாமல் இடம் காணும் முறை) இன்றைய தேதியின் உலக ஆயத்தொலைவுச் சட்டகத்தில் விடை தரும். முப்பது வருட நகர்வு மொத்தமும் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒய் மேற்கேயும் எக்ஸ் தெற்கேயும் கூடும் நம் முறைப்படி பார்த்தால் ஒய், எக்ஸ் இரண்டுமே அரை மீட்டருக்குச் சற்று மேல் குறைந்திருக்கும். காலையில் ட்ரிக்நெட்டிலும் மதியம் சிக்னல் இல்லாமல் சந்தாத் திருத்தத்திலும் அளந்து ஒரே கோப்பில் சேர்த்தால், அந்த வேலை இரண்டாகக் கிழிந்திருக்கும். அந்தத் திருத்தத்தை ஹார்ட்94க்கு மாற்றும் அமைப்பை இயக்குங்கள், அல்லது தெரிந்த இரண்டு மூன்று குறிகளில் அளந்து மொத்தமாக நகர்த்துங்கள்.

*ஒன்று முதல் ஐந்து மீட்டர், நாளுக்கு நாள் மாறுகிறது:* சொந்த பேஸ் வைத்து, "இங்கே" என்ற பொத்தானை அழுத்தித் தொடங்கியிருக்கிறீர்கள். பேஸ் தன் இடத்தைக் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டது. அன்றைய வேலைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று சரியாக இருக்கும், மறுநாள் மொத்தமும் நகர்ந்திருக்கும். பேஸ் புள்ளியின் சரியான ஆயத்தொலைவைக் கண்டுபிடித்துப் பழையதை நகர்த்தினால் வேலை வீணாகாது.

*கிட்டத்தட்ட 300 மீட்டர், வடக்கு தெற்காக:* ஹார்ட்94க்கு முன் இருந்த கேப் டேட்டத்தில் வரைந்த பழைய வரைபடம். 1999 ஜனவரி 1க்குப் பிறகுதான் ஹார்ட்94 அதிகாரபூர்வமானது, அதற்கு முந்தைய ஆவணம் எதைப் பார்த்தாலும் இந்தச் சந்தேகம் வர வேண்டும். நீளம் அடியில் இருந்தால் எந்த அடி என்றும் கேளுங்கள், கேப் அடி ஏறத்தாழ 0.3149 மீட்டர், இங்கிலீஷ் அடி 0.3048.

*பல கிலோமீட்டர், அல்லது படமே கண்ணாடியில் பார்த்த மாதிரி:* எல்ஓ என்ற நம் நாட்டு ஆயத்தொலைவு முறையில் ஒய் மேற்கே கூடும், எக்ஸ் தெற்கே கூடும். வெளிநாட்டு மென்பொருளுக்கு இது தெரியாது. டர்பனில் இன்னொரு வம்பு: எல்ஓ 31இன் நடுக்கோடான 31 டிகிரி தீர்க்கரேகை நகரத்துக்குள்ளேயே போகிறது. சாட்ஸ்வொர்த் அதற்கு மேற்கே, ஒய் கூட்டல் குறி. டொங்காட் கிழக்கே, ஒய் கழித்தல் குறி. எக்செல்லில் யாரோ அந்தக் கழித்தல் குறியை விட்டுவிட்டால் டொங்காட் வயல் இருபது கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய் உட்காரும். கோப்பை அனுப்பும்போது குறியோடு அனுப்புங்கள், எல்ஓ எண்ணையும் கோப்புப் பெயரிலேயே எழுதுங்கள்.

இந்த எதிலும் அடங்காத, நிலையான ஒரு வித்தியாசம் தெரிந்த மூன்று குறிகளிலும் வந்தால் அங்கே நின்றுவிடுங்கள், சர்வேயரைக் கூப்பிடுங்கள். அதேபோல வேலி, சுவர், அடுத்த வீட்டுக்காரரோடு எல்லைத் தகராறு என்றால் உங்கள் ரோவர் எவ்வளவு பச்சையாக இருந்தாலும் பயனில்லை. எல்லைக் கல்லை நட, மாற்றிவைக்க, பதிவு பெற்ற தொழில்முறை நில அளவையாளருக்கு மட்டுமே 1997ஆம் ஆண்டின் 8ஆம் எண் நில அளவைச் சட்டப்படி அதிகாரம் உண்டு. இருக்கும் கல்லை அசைப்பது குற்றம். "மாமா, சும்மா ஒரு புள்ளி வச்சுக் குடுங்க" என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள்.

அறிகுறி 6: பழைய ரிசீவரில் தேதி இருபது வருடம் பின்னால்

ஜிபிஎஸ் வார எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும், கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. அதற்குப் பிறகு புதுப்பிக்காத கருவி தேதியைத் தப்பாக எடுக்கும், உரிமம் காலாவதி என்று சொல்லும், ரினெக்ஸ் கோப்போடு பொருந்தாது. ஃபர்ம்வேர் கிடைத்தால் போடுங்கள். தயாரிப்பாளர் கைவிட்ட கருவி என்றால் பணம் செலவழிக்காதீர்கள்.

பட்டறைக்கு அனுப்புவதென்று முடிவானால்

திறந்த வெளியில் அரை மணி நேரம் மூல அளவைப் பதிவு செய்து அந்தக் கோப்பைச் சேர்த்து அனுப்புங்கள். ஃபர்ம்வேர் எண், மவுண்ட்பாயின்ட் பெயர், ஆரம்பத்தில் எடுத்த அந்தத் திரைப் படம், கோளாறு வந்த இடமும் மணியும், கேபிள் மாற்றிப் பார்த்தீர்களா என்பது, இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். நீங்கள் பயன்படுத்திய அதே கேபிளையும் பெட்டிக்குள் போடுங்கள். ரிசீவரை மட்டும் அனுப்பினால் அங்கே நல்ல கேபிளில் மாட்டிப் பார்த்து, கோளாறு இல்லை என்று எழுதி, பில்லோடு திருப்பி அனுப்புவார்கள்.